சிந்து நதிநீர் உடன்படிக்கை: முரணும் ஒத்துழைப்பும்

முன்னுரை

நாடுகளுக்கிடையிலான உறவுகளை ஆராய்வோர் முரண், ஒத்துழைப்பு என்னும் இரண்டையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்துப் பேசுவது வழக்கம். ஒன்று ஏறினால் மற்றது தாழும் என்பது இவ்வழக்கின் உட்கிடை. அதிகாரப் போட்டியே உலக அரசியலின் அடிப்படை என 1948இல் விளக்கிய ஹான்ஸ் மார்கெந்தோவின் வழிவந்தோர், பகைநாடுகளிடையே தோன்றும் ஒத்துழைப்பை நிலையற்றதாகவே கருதினர். இதற்கு மாறாக, 1984இல் வெளிவந்த ‘மேலாதிக்கத்திற்குப் பின்’ என்னும் நூலில் ராபர்ட் கியோஹேன் ஒத்துழைப்பை இணக்கத்திலிருந்து வேறுபடுத்திக் காட்டினார். இருவர் நலனும் இயல்பாகவே ஒன்றாக அமையுமிடத்தில் ஒத்துழைக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. நலன்கள் மோதுமிடத்தில்தான் ஒத்துழைப்பு பிறக்கிறது என்பது அவர் கருத்தின் சாரம்.

இக்கருத்தை வரலாற்றில் வைத்து ஆராய்வதற்கு ஏற்ற சான்று, இந்தியாவும் பாகிஸ்தானும் 1960இல் செய்துகொண்ட சிந்து நதிநீர் உடன்படிக்கையாகும். மூன்று போர்களைக் கடந்து நின்ற இவ்வுடன்படிக்கை 2025 ஏப்ரலில் இந்தியாவால் நிறுத்திவைக்கப்பட்டது. இவ்வளவு காலம் அது நின்றமைக்குக் காரணம் யாது? பின்னர் நிற்க இயலாமற் போனமைக்குக் காரணம் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லைக்கு முந்தைய பூசல்

திபெத்தில் கயிலை மலைப்பகுதியில் தோன்றும் சிந்து, லடாக் வழியாகப் பாய்ந்து பாகிஸ்தானின் நீள முழுமையும் கடந்து அரபிக்கடலில் கலக்கிறது. ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லஜ் என்னும் ஐந்து ஆறுகள் கிழக்கிலிருந்தும், காபூல் ஆறு மேற்கிலிருந்தும் அதனுடன் சேர்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வாற்றுப் படுகை உலகின் மிகப் பெரிய கால்வாய்ப் பாசனப் பரப்புகளுள் ஒன்றாக மாறியது. 1859இல் ராவியிலிருந்து மேல்பாரி தோவாப் கால்வாய் திறக்கப்பட்டது. 1892இல் கீழ்ச்செனாப் கால்வாய் வந்தது. அதனை ஒட்டி லயால்பூர் முதலிய கால்வாய்க் குடியேற்றங்கள் வளர்ந்தன. 1932இல் சிந்து மாகாணத்தில் சுக்கூர்க் கதவணை கட்டி முடிக்கப்பட்டது.

பாசனம் பெருகப் பெருகத் தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையிலான பூசலும் பெருகியது. பஞ்சாப் மாகாணம் மேலே புதிய அணைகளும் கால்வாய்களும் அமைத்தால் தன் வயல்களுக்கு வரும் வெள்ளப்பெருக்கு குன்றும் எனச் சிந்து மாகாணம் முறையிட்டது. இதனை ஆராய 1941இல் பி. என். ராவ் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய மன்றத்தின் ஆலோசகராக விளங்கிய இவரது ஆணையம் 1942இல் அறிக்கை அளித்தது. ஆற்றுநீரை எந்த மாகாணமும் தன் தனியுடைமையாகக் கொள்ளலாகாது என்பதும், படுகை முழுமைக்குமான நேரிய பங்கீடு வேண்டும் என்பதும் அதன் அடிப்படைகளாக அமைந்தன. இரு மாகாணங்களும் அவ்வறிக்கையை முழுமையாக ஏற்கவில்லை.

சிந்து நீர்ச்சிக்கல் இருநாட்டுப் பகையால் விளைந்தது என்னும் கருத்து பரவலாக உள்ளது. மேற்காட்டிய செய்திகள் அது முற்றும் பொருந்தாது என்பதைக் காட்டுகின்றன. ஓர் ஆட்சியின் கீழ், ஒரே நாட்டின் இரு மாகாணங்களாக இருந்தபோதே இப்பூசல் தோன்றிவிட்டது. நாட்டுப்பிரிவினை அதனை உருவாக்கவில்லை. முடிவு சொல்வதற்கு இருந்த பொது மேலாட்சியை மட்டும் அகற்றியது.

1947: எல்லைக்கோடும் தலைமதகும்

1947 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த சிரில் ராட்கிளிஃப் ஏறத்தாழ ஐந்து வாரங்களில் வகுத்த எல்லைக்கோடு ஆகஸ்டு 17ஆம் நாள் வெளியிடப்பட்டது. ராவியின் மாதோபூர்த் தலைமதகும் சட்லஜின் பெரோஸ்பூர்த் தலைமதகும் இந்தியப் பக்கம் அமைந்தன. அவற்றிலிருந்து நீர்பெற்ற கால்வாய்களின் பெரும்பகுதி பாகிஸ்தானின் மேற்குப் பஞ்சாபில் அமைந்தது. படுகையில் ஆண்டுதோறும் கால்வாய்ப் பாசனம் பெற்ற சுமார் 260 இலட்சம் ஏக்கரில் ஏறத்தாழ 210 இலட்சம் ஏக்கர் பாகிஸ்தானுக்கும் 50 இலட்சம் ஏக்கர் இந்தியாவுக்கும் கிடைத்தன. நிலத்தின் பெரும்பகுதி ஒரு நாட்டிலும், ஆறுகளின் தலைப்பகுதி மற்றொரு நாட்டிலுமாகப் பிரிந்தன.

1947 டிசம்பரில் இரு பஞ்சாபுகளின் பொறியாளர்களும் இருந்த நிலையே தொடர்வதென ஓர் இடைக்கால ஏற்பாடு செய்துகொண்டனர். அதன் காலவரை 1948 மார்ச் 31. புதிய ஏற்பாடு செய்யப்படாத நிலையில், மறுநாள் ஏப்ரல் 1ஆம் நாள் கிழக்குப் பஞ்சாப் அரசு மத்தியபாரி தோவாப், திபால்பூர்க் கால்வாய்களுக்குச் செல்லும் நீரை நிறுத்தியது. வசந்தகால அறுவடை முடிந்து அடுத்த பருவ விதைப்புக்கு நீர் வேண்டப்பட்ட காலம் அது. லாகூர் நகரும் இதனால் பாதிப்புற்றது. மே 4ஆம் நாள் தில்லியில் இரு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நீர் மீண்டும் திறக்கப்பட்டது. மாற்று ஏற்பாடு செய்ய வாய்ப்பளிக்காமல் நீரைத் திடீரென நிறுத்துவதில்லை எனவும், நாளடைவில் நீரின் அளவு குறைக்கப்படும் எனவும் அவ்வொப்பந்தம் கூறியது.

நீர் நின்ற காலம் சில வாரங்களே எனினும் அதன் விளைவு நெடியது. பாகிஸ்தானின் நினைவில் 1948 ஏப்ரல், தலைமடை நாடு எந்நேரமும் தன் கழுத்தை நெரிக்கக்கூடும் என்ற அச்சத்தின் அடையாளமாக நிலைத்தது. மே ஒப்பந்தத்தில் நெருக்கடியால் கையொப்பமிட நேர்ந்தது என அந்நாடு பின்னர்க் கூறியது. வழக்கைப் பன்னாட்டு நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்லவும் விரும்பியது. இந்தியா அதற்கு உடன்படவில்லை. தன் எல்லைக்குள் பாயும் ஆற்றைத் தன் வறண்ட நிலங்களுக்குப் பயன்படுத்துவது தன் உரிமை என்பது இந்தியாவின் நிலைப்பாடு. நெடுங்காலமாகப் பெற்றுவந்த நீரைத் தொடர்ந்து பெறுவது தன் உரிமை என்பது பாகிஸ்தானின் நிலைப்பாடு. இரண்டிற்கும் சட்ட மரபில் சான்று காட்ட இயலும். எனவே சட்டவாதத்தால் மட்டும் முடிவு காண இயலாத நிலை உருவாயிற்று.

சேர்த்துவைக்கும் வழியும் பிரித்துவைக்கும் வழியும்

1951 பிப்ரவரியில் அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முன்னாள் தலைவர் டேவிட் லிலியந்தால் இரு நாடுகளுக்கும் வந்து சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் ‘காலியர்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, காஷ்மீரை மையமாகக் கொண்ட பகை மற்றொரு கொரியப் போராக வளரக்கூடும் என எச்சரித்தது. அதனைத் தணிக்கும் வழியாக, சிந்துப் படுகை முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு இரு நாட்டுப் பொறியாளரும் கூடி வளர்க்க வேண்டும் எனவும், உலக வங்கி அதற்கு உதவ வேண்டும் எனவும் அவர் கருத்துரைத்தார். உலக வங்கித் தலைவர் யூஜின் பிளாக் செப்டம்பரில் இரு தலைமை அமைச்சர்களுக்கும் மடல் எழுதினார். 1952 மே மாதம் வாஷிங்டனில் பொறியாளர் குழு கூடியது. இந்தியத் தரப்பில் ஏ. என். கோஸ்லாவும், பாகிஸ்தான் தரப்பில் எம். ஏ. ஹமீதும், வங்கியின் சார்பில் தளபதி ரேமண்ட் வீலரும் அதில் இடம்பெற்றனர்.

1953 அக்டோபரில் இரு தரப்பும் தத்தம் திட்டங்களை முன்வைத்தன. தனக்கு 29 மில்லியன் ஏக்கர் அடி, பாகிஸ்தானுக்கு 90 என்றது இந்தியா. தனக்கு 102.5, இந்தியாவுக்கு 15.5 என்றது பாகிஸ்தான். ஒரு மில்லியன் ஏக்கர் அடி என்பது 43.56 டி.எம்.சி.க்குச் சமமாதலின் வேறுபாட்டின் பெருமை விளங்கும். எண்களில் உடன்பாடு காண இயலாத இருவர், ஒவ்வொரு நாளும் ஒரே மதகைக் கூடித் திறந்து மூடுவது எவ்வாறு இயலும் என்ற வினா எழுந்தது.

1954 பிப்ரவரி 5ஆம் நாள் வங்கி தன் முன்மொழிவை வெளியிட்டது. படுகையை ஒன்றாகப் பேணும் எண்ணம் அதில் கைவிடப்பட்டது. ராவி, பியாஸ், சட்லஜ் ஆகிய கிழக்காறுகள் மூன்றும் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேற்காறுகள் மூன்றும் பாகிஸ்தானுக்கு. நீரைப் பகிர்வதற்கு மாறாக ஆறுகளையே பிரித்துக்கொள்வது என்பதே அதன் சாரம்.

இம்முடிவின் தன்மையை உணர, அதே காலத்து ஐரோப்பிய நிகழ்வு ஒன்றனை ஒப்பிட்டுக் காணலாம். 1951 ஏப்ரல் 18இல் கையொப்பமான பாரிஸ் உடன்படிக்கையால் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் வேறு நான்கு நாடுகளும் தம் நிலக்கரி, எஃகுத் தொழில்களை ஒரு பொது ஆணையத்தின் கீழ்க் கொணர்ந்தன. போருக்குக் கருவியாகும் பொருள்களைப் பிரிக்க இயலாதவாறு பிணைத்துவிட்டால் போர் நிகழாது என்பது அதன் கருத்து. லிலியந்தாலின் எண்ணமும் இவ்வகையினதே. ஆயின் சிந்துவில் வென்றது இதற்கு நேர்மாறான வழி. தொடர்பு மிகுந்தால் பூசல் மிகும். எனவே தொடர்பைக் குறைத்தல் வேண்டும் என்பதே அங்கு மேற்கொள்ளப்பட்ட நெறி. முன்னதைச் சேர்த்துவைக்கும் ஒத்துழைப்பு எனவும், பின்னதைப் பிரித்துவைக்கும் ஒத்துழைப்பு எனவும் கூறலாம். முன்னதற்கு நம்பிக்கை முதலாக வேண்டும். பின்னது நம்பிக்கையின்மையை ஏற்றுக்கொண்டே தொடங்குவது.

பணமும் உலக அரசியலும்

முன்மொழிவை இந்தியா 1954 மார்ச்சில் ஏற்றது. பாகிஸ்தானின் தயக்கம் நீடித்தது. கிழக்காறுகளின் நீரால் விளைந்த அதன் வயல்களுக்கு மேற்காறுகளிலிருந்து நீர் கொணர இணைப்புக் கால்வாய்கள் வேண்டும். நீரைத் தேக்கிவைக்கப் பேரணைகளும் வேண்டும். அச்செலவை யார் ஏற்பது என்பதில் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தேக்கங்கள் இன்றியமையாதன என்பதை 1956 மே மாதத்தில் வங்கி ஏற்றுக்கொண்டது.

முடிச்சை அவிழ்த்தது வெளியிலிருந்து வந்த பணம். பனிப்போர்க் காலத்தில் தென்னாசியா பூசலில் மூழ்குவதை அமெரிக்காவும் அதன் நட்பு நாடுகளும் விரும்பவில்லை. பாகிஸ்தான் 1954இலும் 1955இலும் மேற்கத்திய இராணுவக் கூட்டணிகளில் இணைந்திருந்தது. இந்தியாவும் தன் ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு உலக வங்கியின் கடனுதவியை நாடி நின்றது. 1958 அக்டோபரில் பாகிஸ்தானில் ஆட்சியைக் கைப்பற்றிய அயூப்கான், உள்நாட்டு எதிர்ப்புக்கு அஞ்சாமல் முடிவெடுக்கும் நிலையில் இருந்தார். வங்கியின் துணைத்தலைவர் வில்லியம் இலிஃப் இறுதிக்கட்டப் பேச்சை நடத்தினார். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளும் வங்கியும் இணைந்து ஏறத்தாழ 90 கோடி டாலர் அளவிலான சிந்துப் படுகை வளர்ச்சி நிதியை உருவாக்க முன்வந்தன. இந்தியா தன் பங்காக 6 கோடியே 20 இலட்சத்து 60 ஆயிரம் பவுன் பணத்தைப் பத்து ஆண்டுத் தவணைகளில் செலுத்த இசைந்தது.

1960 செப்டம்பர் 19ஆம் நாள் கராச்சியில் ஜவகர்லால் நேருவும் அயூப்கானும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். சில குறிப்பிட்ட பிரிவுகளுக்காக உலக வங்கியின் சார்பில் இலிஃப் கையொப்பமிட்டார். இந்திய நாடாளுமன்றத்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. நீரையும் கொடுத்துப் பணத்தையும் கொடுப்பதா என உறுப்பினர்கள் வினவினர். அமைதியை விலைகொடுத்து வாங்கியதாகவே கொள்ளலாம் எனவும், அது இரு நாடுகளுக்கும் நன்று எனவும் பொருள்பட நேரு விடையிறுத்தார்.

உடன்படிக்கையின் அமைப்பு

பன்னிரண்டு உறுப்புகளும் எட்டு இணைப்புகளும் கொண்ட இவ்வாவணத்தில் கொள்கை விளக்கம் குறைவு; பொறியியல் வரையறை மிகுதி. கிழக்காறுகளின் ஆண்டு நீர்வரத்து ஏறத்தாழ 33 மில்லியன் ஏக்கர் அடி. மேற்காறுகளினது ஏறத்தாழ 135. எனவே படுகை நீரில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. மேற்காறுகளில் இந்தியாவுக்கு வீட்டுப் பயன்பாடு, நீரைச் செலவிடாப் பயன்பாடு, வரையறைக்குட்பட்ட வேளாண்மை, ஓடும் நீரில் மின்னாக்கம் ஆகியவற்றுக்கு இடமளிக்கப்பட்டது. 3.6 மில்லியன் ஏக்கர் அடி வரை தேக்கும் உரிமையும் வழங்கப்பட்டது. ஆனால் அணையின் மதகு எம்மட்டத்தில் அமைய வேண்டும், தேக்கும் அளவு யாது என்பன போன்றவை இணைப்புகளில் நுணுக்கமாக வரையறுக்கப்பட்டன. 1948இன் அச்சம் இவ்வரையறைகள் ஒவ்வொன்றிலும் பதிந்துள்ளது.

இரு தரப்பிலும் ஒவ்வோர் ஆணையரைக் கொண்ட நிரந்தர சிந்து ஆணையம் அமைக்கப்பட்டது. அது ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரு நாடுகளிலும் மாறி மாறிக் கூட வேண்டும். ஆறுகளையும் கட்டுமானங்களையும் சென்று பார்வையிட வேண்டும். அன்றாட நீரோட்டக் குறிப்புகள் மாதந்தோறும் பரிமாறப்பட வேண்டும். கருத்து மாறுபாட்டிற்கு மூன்று படிகள் வகுக்கப்பட்டன. ஆணையம் தானே தீர்ப்பது முதற்படி. நடுநிலை வல்லுநரிடம் செல்வது இரண்டாம் படி. நடுவர் மன்றம் மூன்றாம் படி.

எதிர்கால ஒத்துழைப்பு என்னும் தலைப்பில் ஏழாம் உறுப்பு ஒன்று உள்ளது. ஆறுகளைக் கூடி வளர்ப்பதில் இருவருக்கும் பொதுநலன் உண்டு என்பதை அது ஏற்கிறது. லிலியந்தாலின் எண்ணத்தில் எஞ்சியது அதுவே எனலாம். அதனை வளர்த்தெடுக்கும் முயற்சி பெரிதாக மேற்கொள்ளப்படவில்லை. உடன்படிக்கைக்குக் காலவரையும் இல்லை. ஒரு தரப்பு விலகுவதற்கு வழியும் இல்லை. மாற்றுவதாயினும் முடிப்பதாயினும் இருவரும் புதிய உடன்படிக்கை செய்தாக வேண்டும் எனப் பன்னிரண்டாம் உறுப்பு கூறுகிறது.

போர்க்காலச் சோதனை

1965, 1971 ஆண்டுகளின் போர்களும் 1999இன் கார்கில் மோதலும் உடன்படிக்கையைக் குலைக்கவில்லை. 1965இல் போர் நடந்த ஆண்டிலும் இந்தியா செலுத்த வேண்டிய தவணை நிற்கவில்லை. பாகிஸ்தானில் 1967இல் மங்களா அணையும் 1976இல் தர்பேலா அணையும் செயற்பாட்டுக்கு வந்தன. இந்தியாவில் 1963இல் பக்ரா அணை நாட்டுக்கு உரிமையாக்கப்பட்டது. பியாஸின் நீர் சட்லஜுக்குத் திருப்பப்பட்டது. ராஜஸ்தான் பாலைக்குக் கால்வாய் சென்றது.

போரிடும் இரு நாடுகள் நீர்க்கணக்கை மட்டும் எவ்வாறு பேண முடிந்தது? நல்லெண்ணம் இதற்குக் காரணமன்று. பிரிவினை முடிந்தபின் ஒருவர் வயல் மற்றவர் மதகை நேரடியாக நம்பியிருக்கும் நிலை பெரிதும் நீங்கியிருந்தது. எஞ்சிய தொடர்பும் அரசியலாளர் கையில் இல்லாமல் பொறியாளர் கையில் இருந்தது. அவர்கள் பேசிய மொழி கன அடியும் மட்டமும் பற்றியது. இறையாண்மை, காஷ்மீர் ஆகிய சொற்களுக்கு அம்மேசையில் இடமில்லை. மேலும் 1989 முதல் வெள்ள முன்னறிவிப்புக்கெனத் தனி ஏற்பாடு ஒன்றும் செய்யப்பட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது.

கட்டுமானங்களும் கருத்து மாறுபாடுகளும்

எளிதில் பிரிக்கத்தக்கன பிரிக்கப்பட்டபின், பிரிக்க இயலாத ஓரிடம் எஞ்சியது. மேற்காறுகள் பாகிஸ்தானுக்கு உரியன. ஆனால் அவை ஜம்மு காஷ்மீர் வழியாக ஓடுகின்றன. அங்கு இந்தியா கட்டும் மின்நிலையங்களே பிற்காலச் சர்ச்சைகளின் களமாயின.

முதலாவது, செனாப் மீதான சலால் திட்டம். 1978 ஏப்ரலில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் வாஜ்பாயும் பாகிஸ்தானின் ஆகா ஷாகியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியா போக்கிக் கதவுகளின் உயரத்தை 40 அடியிலிருந்து 30 அடியாகக் குறைத்தது. வண்டலை வெளியேற்றும் அடிமதகுகளை மூடவும் இசைந்தது. பேச்சால் எட்டப்பட்ட தீர்வு என்ற வகையில் இது சிறப்புடையது. எனினும் தேக்கம் விரைவில் வண்டலால் தூர்ந்தது. கடைமடையின் அச்சத்தைத் தணிக்கத் தலைமடையின் அணை பயன்குன்றியது என்ற மனக்குறை இந்தியப் பொறியாளரிடையே நிலைத்தது.

இரண்டாவது, பாக்லிகார். 2005இல் பாகிஸ்தான் நடுநிலை வல்லுநரை நாடியது. சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ரேமண்ட் லாஃபிட் 2007 பிப்ரவரி 12இல் அளித்த முடிவில், மதகுடைய போக்கிகளை ஏற்றார்; தேக்க அளவை 3 கோடியே 75 இலட்சம் கன மீட்டரிலிருந்து 3 கோடியே 25.6 இலட்சமாகக் குறைத்தார். புதிய பொறியியல் அறிவையும் வண்டலை மேலாண்மை செய்யும் தேவையையும் கருத வேண்டும் என்ற அவரது விளக்கம் இந்தியாவுக்கு நிறைவளித்தது. மூன்றாவது, கிஷன்கங்கா. 2013இல் நடுவர் மன்றம் நீரைத் திருப்பும் இந்தியாவின் உரிமையை ஏற்றது. ஆற்றில் வினாடிக்கு 9 கன மீட்டரேனும் விட வேண்டும் என்றது. ஆனால் வண்டலகற்றத் தேக்கத்தைக் குறித்த மட்டத்திற்குக் கீழே இறக்கலாகாது எனவும் கூறியது. ஒரே உடன்படிக்கை குறித்து இரு மன்றங்கள் ஒரே பொருளில் மாறுபட்ட விளக்கம் தந்தமை இங்குக் கருதத்தக்கது.

இவற்றிடையே உடன்படிக்கை குறித்த குறை இரு நாடுகளிலும் வளர்ந்தது. தங்கள் ஆறுகளின் பயன் தங்களுக்கு மறுக்கப்பட்டது என ஜம்மு காஷ்மீரில் குரல் எழுந்தது. 2002இல் அம்மாநிலச் சட்டமன்றம் மறு ஆய்வு கோரியது. சிந்துவின் கழிமுகத்திற்கு நன்னீர் வரத்து குறைந்ததைச் சிந்து மாகாணத்தார் சுட்டினர். இந்திய நீர்வளத் துறையின் முன்னாள் செயலர் ராமசாமி ஆர். ஐயர், இவ்வுடன்படிக்கை நிலப்பிரிவினையின் தொடர்ச்சியாக அமைந்த நீர்ப்பிரிவினையே எனக் கருதினார். நிலத்தடிநீர், பனியாறுகள், பருவநிலை மாற்றம் ஆகியன பற்றி 1960இன் ஆவணம் பேசவில்லை. சிந்து தோன்றும் திபெத்தை ஆளும் சீனாவும், காபூல் ஆற்றின் ஆப்கானிஸ்தானும் இதில் உறுப்பினர் அல்லர்.

2016 முதல் 2025 வரை

கிஷன்கங்கா, ராட்லே ஆகிய திட்டங்கள் குறித்து 2016இல் பாகிஸ்தான் நடுவர் மன்றத்தையும், இந்தியா நடுநிலை வல்லுநரையும் கோரின. இரு கோரிக்கைகளையும் அவ்வாண்டு டிசம்பரில் நிறுத்திவைத்த உலக வங்கி, 2022 அக்டோபரில் இரண்டையுமே ஒருங்கு அமைத்தது. படிப்படியாகச் செல்ல வேண்டிய முறை இரு தடங்களில் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கியது. நடுவர் மன்றம் முறைப்படி அமையவில்லை எனக் கூறி இந்தியா அதில் பங்கேற்கவில்லை.

இதே காலத்தில் அரசியலுக்கும் நீருக்கும் இடையே இருந்த சுவரும் இடிந்தது. 2016 செப்டம்பரில் ஊரி இராணுவ முகாம் தாக்கப்பட்டபின், குருதியும் நீரும் ஒருசேர ஓட இயலாது எனப் பிரதமர் நரேந்திர மோதி கூறியதாகச் செய்திகள் வந்தன. 2023 ஜனவரியிலும் 2024 ஆகஸ்டிலும் உடன்படிக்கையைத் திருத்தப் பேச வருமாறு இந்தியா அறிவிக்கை அனுப்பியது. மக்கள்தொகைப் பெருக்கம், தூய எரியாற்றல் தேவை, எல்லைகடந்த பயங்கரவாதம் ஆகியன காரணங்களாகக் கூறப்பட்டன. 2025 ஏப்ரல் 22இல் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் இந்தியா உடன்படிக்கையை நிறுத்திவைத்தது. எல்லைகடந்த பயங்கரவாதத்திற்கு அளிக்கும் ஆதரவைப் பாகிஸ்தான் நம்பத்தக்க வகையிலும் மீளாத வகையிலும் கைவிடும்வரை அந்நிலை தொடரும் என அறிவித்தது. ஒருதலையாக நிறுத்திவைக்க உடன்படிக்கையில் இடமில்லை எனவும், தனக்குரிய நீரைத் தடுப்பது போர்ச்செயலாகக் கருதப்படும் எனவும் பாகிஸ்தான் மறுமொழி கூறியது. மே 7 முதல் 10 வரை இரு நாடுகளும் ஆயுதமோதலில் ஈடுபட்டன. சலால், பாக்லிகார்த் தேக்கங்களில் இந்தியா வண்டலகற்றியதாக அம்மாதம் செய்திகள் வெளியாயின. 1978இல் பேச்சால் மூடப்பட்ட சிக்கல் பேச்சின்றித் திறக்கப்பட்டது எனலாம். ஜூன் 27இலும் ஆகஸ்டு 8இலும் நடுவர் மன்றம் வழங்கிய தீர்ப்புகளை இந்தியா ஏற்கவில்லை.

மேற்காறுகளின் பெருநீரைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அப்போது இந்தியாவிடம் தேக்கங்கள் இல்லை. ஆதலின் நிறுத்திவைப்பின் உடனடி விளைவு நீரின் அளவில் இல்லை. அது குறிப்புகள் பரிமாறப்படாமையிலும், நீர் எப்போது வரும், எப்போது குறையும் என்பதை அறிய இயலாமையிலும் அமைந்தது. விதைப்புக் காலத்தில் மதகின் கீழ் நிற்கும் உழவனுக்கு நீரின் அளவைப் போலவே அது வரும் நாளும் முதன்மையானது.

இந்நிலையிலும் கருதத்தக்க ஒரு நிகழ்வு உண்டு. 2025 ஆகஸ்டு இறுதியில் தாவி ஆற்றில் பெருவெள்ளம் வரக்கூடும் என்ற எச்சரிக்கையை இந்தியா பாகிஸ்தானுக்கு அனுப்பியது. வழக்கமான சிந்து ஆணையர்கள் வழியாக அது செல்லவில்லை. இஸ்லாமாபாதிலுள்ள இந்தியத் தூதரகம் வழியாக, மனிதநேய அடிப்படையில் தெரிவிக்கப்பட்டது. ஆவணம் நிறுத்திவைக்கப்பட்ட பின்னரும், அறுபது ஆண்டுகளில் உருவான கடப்பாட்டின் ஒரு கூறு வேறு வாயிலைத் தேடிக்கொண்டது.

முடிவுரை

சிந்து நதிநீர் உடன்படிக்கை பகைக்கு மாறாகத் தோன்றியதன்று; பகையை அடித்தளமாகக் கொண்டு கட்டப்பட்டது. நம்பிக்கை வேண்டாத வகையில் அதன் விதிகள் அமைந்தன. ஆறுகள் பிரிக்கப்பட்டமையும், எஞ்சிய தொடர்பு பொறியாளரிடம் விடப்பட்டமையும், செலவை வெளியுலகம் ஏற்றமையும் அது நிலைத்தமைக்குக் காரணங்கள். அக்காரணங்களே அதன் குறைகளுமாயின. பிரித்துவைத்ததால் கூடி வளர்க்கும் பழக்கம் உருவாகவில்லை. நுணுகி வரையறுத்ததால் காலத்திற்கேற்ப மாறும் நெகிழ்ச்சி அமையவில்லை. அரசியலை விலக்கி வைத்ததால், அரசியல் உள்ளே நுழைந்தபோது அதனை எதிர்கொள்ளும் வாயில் உடன்படிக்கையில் இல்லை.

கியோஹேனின் கருத்து சிந்துவின் பிறப்பை நன்கு விளக்குகிறது. முரணே ஒத்துழைப்பின் தாயாயிற்று. ஆனால் அதன் பிற்கால வரலாறு வேறொன்றையும் உணர்த்துகிறது. முரணைப் பிரித்துவைக்கும் ஒத்துழைப்பு நெடுங்காலம் வாழலாம். வளர்வதற்கு அது போதாது. உருகும் பனியாறுகளும் பெருகும் மக்கள்தொகையும் 1960இன் எண்களை மாற்றிவரும் காலத்தில், அவ்வாவணம் அப்படியே மீண்டாலும் போதாது. இல்லாதொழிந்தாலும் தீங்கே விளையும். புதிதாக ஏதேனும் உருவாகுமாயின், பெரிதும் பயன்படாமற் கிடந்த ஏழாம் உறுப்பே அதற்குத் தொடக்கமாக அமையத்தக்கது. தாவியின் வெள்ளச் செய்தி காட்டுவது போல, நீர் குறித்து ஒருவருக்கொருவர் அறிவிக்கும் கடமை பகைநாடுகளிடையிலும் அழிந்துவிடவில்லை. அக்கடமையை மீண்டும் முறைப்படுத்துவதே தலைமடையும் கடைமடையும் முதலில் செய்யத்தக்கது.